பேக்கப் துப்பாக்கியாம், அதுவும் பாக்கெட்டுக்குள்ளயாம்!

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கால்சட்டைப் பாக்கெட்டில் அடங்குகிற குட்டித் துப்பாக்கியை வாழ்க்கையின் முதல் துப்பாக்கியாக வாங்குவது தப்பு. கடைக்காரர் சொன்னாலும் தப்பு. யூட்யூப்ல தாடி வச்ச அண்ணாச்சி சொன்னாலும் தப்பு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கிற, முப்பது வருஷமா மான் வேட்டைக்குப் போற வெள்ளைக்காரர் சொன்னாலும் தப்புதான்.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை உள்ளவர்களுக்கான பதிவு. "துப்பாக்கியே கூடாது" என்கிற கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது வேற பஞ்சாயத்து, இன்னொரு நாள் வச்சுக்கலாம். நான் டெக்சாஸில் கோட் அடிச்சுப் பிழைக்கிறவன். படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர், நம்ம ஊர்ல பாதிப் பேரோட கதைதான். சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்குப் போய் அம்பது தோட்டாவைக் காகிதத்தில் ஓட்டை போட்டுவிட்டு, வர்ற வழியில் காய்கறி வாங்கிக்கிட்டு வருவேன். அவ்வளவுதான் என் தகுதி. போலீஸும் இல்ல, ராணுவமும் இல்ல.

எதுக்கு இப்போ இந்தப் புலம்பல்? போன ஒரு வருஷத்துல நாலு பேர் என்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "மச்சி, பாக்கெட்ல போட்டுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு சொல்லேன், பேக்கப்புக்கு." நாலு பேர்கிட்டயும் நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான். "எதுக்குடா பேக்கப்? மெயின் எங்க?" நாலு பேர்கிட்டயும் மெயின் இல்ல. ஒருத்தன் சித்தப்பாவோட கேஸ் ஸ்டேஷன்ல ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவன். அவன் பயம் நியாயமான பயம். அந்தப் பயத்துக்கு அவன் தேடுற மருந்துதான் எனக்குப் பிரச்சினை.

பேக்கப் என்றால் என்ன?

நம்ம தொழில்ல இதுக்குத் தெளிவா அர்த்தம் இருக்கு. ஒரிஜினல்னு ஒண்ணு இருந்தாத்தான் அதுக்குப் பேக்கப். ஒரே ஒரு காப்பி வச்சுக்கிட்டு "அது பேக்கப் மச்சி"ன்னு சொன்னா டேட்டாபேஸ் அட்மின் சிரிப்பார். அதோட, ஒரு தடவைகூட ரிஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப்னே சேர்த்துக்க மாட்டோம். டேப் இருக்கும், லேபிள் இருக்கும், ஆபத்துக்குத் திறந்தா உள்ள குப்பை இருக்கும். இந்த ரெண்டு விதியையும் ஆபீஸ்ல மூணு கோடி ரெக்கார்டுக்கு ஒழுங்கா ஃபாலோ பண்றவன், தன் உயிருக்கு மட்டும் ரெண்டையும் மறந்துடறான்.

துப்பாக்கி உலகத்துல இந்த வார்த்தை வந்தது போலீஸ்காரங்க கிட்ட இருந்து. இடுப்புல சர்வீஸ் துப்பாக்கி, கணுக்காலிலோ பாக்கெட்டிலோ இரண்டாவதாக ஒரு சின்ன ரிவால்வர். எதுக்குன்னு புரிஞ்சுக்க 1986 ஏப்ரல் 11ஆம் தேதி மயாமியில் நடந்ததைப் பார்க்கணும். வங்கிக் கொள்ளையர்கள் இரண்டு பேரை எட்டு எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் காரை மோதி மடக்கினார்கள். துப்பாக்கிச் சண்டையில் ஜெரி டோவ், பென் குரோகன் என்ற இரண்டு ஏஜெண்டுகள் செத்துப்போனார்கள், ஐந்து பேருக்குக் காயம், கொள்ளையர்கள் இரண்டு பேரும் காலி. அதில் ஜான் ஹேன்லன் என்ற ஏஜெண்டுக்கு, கார் மோதின வேகத்திலேயே கைத்துப்பாக்கி எங்கேயோ போய்விட்டது. அவர் எடுத்தது பேக்கப்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 36, ஐந்து தோட்டா ரிவால்வர். ஐந்தும் தீர்ந்து மறுபடி நிரப்பும்போது கையிலேயே சுடப்பட்டார்.

இந்தக் கதையில் பேக்கப்புக்கு ஆதரவும் இருக்கு, எச்சரிக்கையும் இருக்கு. மெயின் தொலைஞ்சபோது அது கை கொடுத்தது, உண்மை. அஞ்சு தோட்டாவில் காலி, நிரப்ப நேரம் இல்ல, அதுவும் உண்மை. அதைப் பிடித்திருந்தவர் பயிற்சி பெற்ற ஏஜெண்ட், பக்கத்தில் ஏழு சகாக்கள். கேஸ் ஸ்டேஷன் கவுண்ட்டர்ல தனியா நிக்கிற நம்ம பய கதை இது இல்ல.

"சின்னது மச்சி, பழகுறது ஈஸி"

பொய்கள்லயே பெரிய பொய் இதுதான். தூக்கிட்டுத் திரியறது ஈஸி, சுடறது கஷ்டம். சின்னதாக ஆக ஆகக் கஷ்டம் கூடும். இதுக்கு பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸ் போதும்.

ரூகர் எல்.சி.பி. 2008ல வந்தது. .380 தோட்டா, ஆறு பிளஸ் ஒண்ணு, காலியாகச் சுமார் 270 கிராம், தோட்டா போட்டால் 340 கிராம் வரும். க்ளாக் 19, 9 மி.மீ., பதினைந்து தோட்டாவும் நிரப்பினால் ஏறத்தாழ 850 கிராம். இப்போ உந்த அழிவின்மை விதி. .380ல் சுமார் 5.8 கிராம் குண்டு, அந்தக் குட்டிக் குழலில் நொடிக்கு 270 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மி.மீ.ல் 7.5 கிராம் குண்டு, 350 மீட்டர். வெடிமருந்துப் புகையின் கணக்கை விட்டுட்டுத் தோராயமா போட்டா, எல்.சி.பி. உங்க கைக்குள்ள நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்துல பின்னால பாயுது, க்ளாக் மூணு மீட்டர். பலம் குறைஞ்ச தோட்டா, ஆனா கையில படற வேகம் ஒன்றரை மடங்கு. அதையும் முழுசாப் பிடிக்க இடமில்ல, ரெண்டு விரலுக்குத்தான் பிடி. சுண்டு விரல் காத்துல தொங்கும்.

அடுத்து குறி. முன் குறிக்கும் பின் குறிக்கும் உள்ள இடைவெளி 150 மி.மீ. என்றால், நீங்க 1 மி.மீ. கோணலாப் பார்த்தா 7 மீட்டர் தூரத்துல சுமார் 4.7 செ.மீ. விலகும். இடைவெளி 100 மி.மீ. ஆனா அதே தப்புக்கு 7 செ.மீ. விலகும். இது கை நடுங்காதபோது, வெளிச்சத்துல, காகிதத்தைச் சுடும்போது. போதாததுக்கு இந்தக் குட்டித் துப்பாக்கிகள்ல குறிமுள் பேருக்குத்தான் இருக்கும், டிரிகரும் நீளமா இழுக்கணும்.

ரேஞ்சுல வாராவாரம் பார்க்கிறேன். வாடகைக்கு ஒரு குட்டியை எடுத்து, ரெண்டு மேகசின் சுட்டுட்டு, உள்ளங்கையைத் தேய்ச்சுக்கிட்டே "போதும்"னு திருப்பிக் கொடுத்துடறாங்க. சுட வலிக்கிற துப்பாக்கியோட யாரும் பயிற்சி பண்ண மாட்டாங்க. பயிற்சி பண்ணாத துப்பாக்கி ரிஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப். இதுதான் என் வாதத்தின் மொத்தச் சாரம். இதுக்கு மேல படிக்காதவங்க இதோட கிளம்பலாம் :)

இன்னொரு மெக்கானிக்கல் சங்கதி. சின்ன ஆட்டோ பிஸ்டலில் ஸ்லைடு லேசானது, ஓடுற தூரமும் குறைவு. அதனால ஸ்பிரிங் கெட்டியா இருக்கணும். ரெண்டு விளைவு. ஒண்ணு, ஸ்லைடை இழுக்க விரல்ல பலம் வேணும், "அம்மாவுக்கு ஒண்ணு சின்னதா"ன்னு வாங்கினா அம்மாவால இழுக்கவே முடியாது. இரண்டு, ஸ்பிரிங் சீக்கிரம் களைக்கும். பிடி தளர்ந்தா, தோட்டாவின் தரம் கொஞ்சம் மாறினா, அடுத்த ரவுண்டு சிக்கிக்கும். பெரிய துப்பாக்கி மன்னிக்கிற தப்பைச் சின்னது மன்னிக்காது.

"பாக்கெட்டே ஹோல்ஸ்டர்தானே, தனியா எதுக்கு?"

இதைக் கேட்டவனை நான் அடிக்கலை. பெருந்தன்மை.

சாவிக்கொத்து, சில்லறை, சூயிங்கம், அதோட தோட்டா நிரப்பின துப்பாக்கி. சாவி டிரிகர் வளையத்துக்குள்ள போய் மாட்டினா என்ன ஆகும்னு நான் விளக்கணுமா? குழல் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு யோசிங்க. பாக்கெட்டுக்குக் கீழே தொடை, தொடைக்குள் பெரிய ரத்தக்குழாய். அது அறுந்தா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்காது.

பிளாக்ஸிகோ பரஸ் ஞாபகம் இருக்கா? அமெரிக்கக் கால்பந்து வீரர். 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வெற்றி தேடித்தந்த பந்தைப் பிடித்தவர். அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் நைட் கிளப் ஒன்றில், ஹோல்ஸ்டர் இல்லாமல் கால்சட்டை இடுப்பில் செருகியிருந்த க்ளாக் நழுவி வெடித்து, தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அவர்கிட்ட இருந்தது காலாவதியான ஃபுளோரிடா லைசன்ஸ், நியூயார்க்கில் செல்லாது. 2009ல இரண்டு வருஷ சிறைத்தண்டனை. ஊரே தோள்ல தூக்கி ஆடின ஆள் ஒரே ராத்திரியில ஜெயிலுக்கான வழியைப் பிடிச்சார். அது பாக்கெட் இல்ல, இடுப்புதான். ஆனா பாடம் ஒண்ணுதான்: டிரிகரை மூடாம உடம்போட வச்சுக்கிற எந்தத் துப்பாக்கியும் முதல்ல குறி வைக்கிறது உங்களை.

பாக்கெட் ஹோல்ஸ்டர் மூணு வேலை செய்யும். டிரிகரை மூடும். துப்பாக்கியைத் தலைகீழா புரளாம நிமிர்த்தி வைக்கும். வெளியிலிருந்து பார்த்தா அச்சு அசலா துப்பாக்கி வடிவம் தெரியாம மறைக்கும். உருவும்போது அது பாக்கெட்டிலேயே தங்கணும், துப்பாக்கி மட்டும் வெளியே வரணும். சில நூறு டாலர் கொடுத்துத் துப்பாக்கி வாங்குறவன் இருபது, முப்பது டாலருக்கு மூக்கால் அழறான். நம்ம ஊர்ல ஒரு லட்ச ரூபா பைக்குக்கு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வாங்க அழற அதே ஜாதி.

அந்தப் பாக்கெட்ல வேற எதுவும் இருக்கக்கூடாது. எதுவும்னா எதுவுமே. கைக்குட்டை உட்பட. வாரம் ஒரு தடவை எடுத்துப் பஞ்சு, தூசி துடைக்கணும். பாக்கெட்டுக்குள்ள சேர்ற நூல் குப்பை குழலையும் டிரிகர் பக்கத்தையும் அடைக்கும்.

"எதுவும் இல்லாததுக்கு ஏதோ ஒண்ணு"

எதிர்க்கட்சியோட பலமான வாதம் இது, அதனால மரியாதையோட பதில் சொல்றேன். "வீட்டுப் பெட்டியில் தூங்குற பெரிய துப்பாக்கியைவிடப் பாக்கெட்ல இருக்கிற சின்னது மேல்" என்பார்கள். டெக்சாஸ் வெயில்ல, மெல்லிசு டிஷர்ட் போட்டுக்கிட்டு, இடுப்புல முக்கால் கிலோவை மறைக்கிறது கஷ்டம்தான். ஒத்துக்கிறேன். பாக்கெட்டுக்கு நிஜமான நன்மையும் ஒண்ணு இருக்கு. சந்தேகமான இடத்துல யாருக்கும் தெரியாம கையைப் பாக்கெட்ல விட்டுப் பிடியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கலாம். இடுப்புல இருந்தா அப்படி முடியாது.

ஆனா அந்த வாதம் ஒரு விஷயத்தை மறைக்குது. "ஏதோ ஒண்ணு" இலவசமா வர்றதில்ல. கேஸ் ஸ்டேஷன் கவுண்ட்டர்ல ஸ்டூல் மேல உட்கார்ந்திருக்கும்போது ஜீன்ஸ் பாக்கெட்ல இருந்து ஒரு சாவியை உருவிப் பாருங்க, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு. கார்ல சீட் பெல்ட் போட்டுக்கிட்டு முயற்சி பண்ணிப் பாருங்க. பாக்கெட்ல இருந்து வேகமா வர்றது நின்னுக்கிட்டிருக்கும்போது, முன்னாடியே கை உள்ளே இருந்தா மட்டும். நீங்க பயப்படுற தருணத்துல ரெண்டுமே இருக்கும்னு என்ன உத்தரவாதம்? தப்பின குண்டு சுவரோட நிக்காது. பால் பாக்கெட் எடுக்க வந்த பாட்டி பின்னால நிக்கறாங்க. அதுக்கும் நீங்கதான் பொறுப்பு.

"கையில் ஒண்ணு இருக்கு"ங்கிற தைரியம் இன்னும் மோசம். கல்லாப் பணத்தைக் கொடுத்துட்டு உயிரோட வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், பாக்கெட்ல கையை விட்டுத் துழாவிக்கிட்டு நிப்பான்.

சரி, வாங்கியே தீருவேன்னா?

உங்களுக்கு மெயின் ஒண்ணு இருக்கு, அதுல ஒழுங்கா சுடுவீங்க, இரண்டாவதாத்தான் வேணும்னா, வாங்க பேசலாம்.

1. சுத்தியல் வெளியே தெரியாத ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 442, 642 வகையறா. ஐந்து .38 ஸ்பெஷல் தோட்டா, 400 கிராமை ஒட்டிய எடை. துணியில் மாட்ட சுத்தியல் இல்ல, அவசரத்துக்குக் கோட் பாக்கெட்டுக்குள்ள இருந்தே சுட்டாலும் அடுத்த ரவுண்டு சிக்காது. ஆட்டோவில் ஸ்லைடு துணியில் மாட்டி முதல் ரவுண்டோட நின்னுடும். 2009ல வந்த ரூகர் எல்.சி.ஆர். இதே சாதி, டிரிகர் கொஞ்சம் மிருது. குறை: ஐந்தே ஐந்து, உதை அதிகம், டிரிகர் கனம். "ரிவால்வர் புதுசா பழகுறவங்களுக்கு ஈஸி"ங்கிறது மேனுவல் படிக்கிற அளவுக்குத்தான் நிஜம். சுடறதுக்கு இது வித்தை தெரிஞ்சவன் ஆயுதம்.

2. .380 வேணும்னா, அதுலயே கொஞ்சம் பெரியது. 2014ல வந்த க்ளாக் 42 எல்.சி.பி.யைவிடப் பெருசு, ஆனா பல பேண்ட் பாக்கெட்ல அடங்கும், உதை எவ்வளவோ குறைவு. ஸ்லைடு இழுக்கப் பலம் இல்லாதவங்களுக்கு 2018ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டு வந்த .380 ஷீல்டு ஈஸி இருக்கு, ஆனா அது பாக்கெட் சமாச்சாரம் இல்ல. மயாமிக்கு அப்புறம் எஃப்.பி.ஐ. ஜெல்லில் சுட்டுப் பார்த்து, குண்டு 12 முதல் 18 அங்குலம் துளைக்கணும்னு அளவு வச்சது. குட்டிக் குழலில் இருந்து வர்ற .380 ஹாலோ பாயிண்ட் பல சமயம் விரிஞ்சு பாதியில நின்னுடும், இல்லன்னா விரியாமலே போயிடும். தோட்டாவின் டப்பா மேல உள்ள விளம்பரத்தை நம்பாதீங்க.

3. சிக் சாவர் பி365. 2018ல வந்து இந்த மொத்தச் சண்டையையே மாத்திடுச்சு. 9 மி.மீ., பத்து பிளஸ் ஒண்ணு, அரைக் கிலோ. இதைப் பாக்கெட்ல திணிக்கிறவங்க உண்டு, ஆனா இது இடுப்புக்குப் பொறந்தது. முதல் துப்பாக்கியே சின்னதா வேணும்னு அடம் பிடிச்சா இந்த அளவுல நிறுத்துங்க, நல்ல பெல்ட்டும் ஹோல்ஸ்டரும் சேர்த்து வாங்குங்க. "இடுப்புல மறைக்க முடியாது, அதனால பாக்கெட்"ங்கிற பழைய சாக்கு இதோட முக்கால்வாசி செத்துப்போச்சு.

4. பஞ்சு மாதிரி எடையுள்ள .357 மேக்னம் ரிவால்வரைத் தொடாதீங்க. கண்ணாடிப் பெட்டியில பார்க்க ஜோரா இருக்கும். சுட்டா கை மரத்துப்போகும். அந்த உதையில சிலிண்டரில் மிச்சம் இருக்கிற தோட்டாக்களின் குண்டு உறையை விட்டு முன்னால நகர்ந்து, சிலிண்டரே சுத்தாம மாட்டிக்கலாம். கௌரவத்துக்கு வாங்குற சாமான்.

5. பழசு வாங்கினா நம்பர் பாருங்க. எல்.சி.பி. வந்த அதே 2008ல, அக்டோபர்ல, கீழே விழுந்தா வெடிக்க வாய்ப்பு இருக்குன்னு ரூகர் கம்பெனியே திரும்ப அழைச்சு இலவசமா சரி பண்ணிக் கொடுத்தது. 370ன்னு தொடங்குற சீரியல் நம்பர்கள். சரி பண்ணாத ஒண்ணு யாரோட பெட்டியிலயாவது இன்னும் தூங்கிட்டு இருக்கலாம். பாக்கெட்ல இருந்து கீழே விழறதுதானே இந்த வகைத் துப்பாக்கியோட தலையெழுத்து.

எதை வாங்கினாலும் சரி, நீங்க உண்மையா தூக்கிட்டுத் திரியப் போற அளவுல மிகப் பெரியதை வாங்குங்க. கடையில வாங்குறதுக்கு முன்னாடி ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து அம்பது ரவுண்டு சுடுங்க. அம்பதாவது ரவுண்டுலயும் காகிதத்துல படணும், கை வலிச்சு "போதும்"னு தோணக்கூடாது. பாக்கெட்ல போடப் போற அதே தோட்டாவில் ஒரு நூறாவது சிக்காம ஓடணும். அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவையாவது. வீட்ல, தோட்டாவை வேற ரூம்ல வச்சுட்டு, காலின்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, பாக்கெட்ல இருந்து உருவிப் பழகணும். இது எதுக்கும் நேரம் இல்லையா? அப்போ அந்தக் காசுக்கு நல்ல கேமரா, கவுண்ட்டருக்கு நல்ல கண்ணாடித் தடுப்பு, ஒரு மிளகுத் தூள் ஸ்பிரே. கிண்டலுக்குச் சொல்லலை.

விசா மக்களுக்கு ஒரு வார்த்தை

டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயசு ஆன, சட்டம் தடை பண்ணாத யாரும் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைச்சு வச்சுக்கலாம். முன்னாடி நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, அம்பது ரவுண்டு சுடற தேர்வு எல்லாம் கட்டாயம். இப்போ அது விருப்பம். நம்மாளு காதுல "லைசன்ஸ் வேண்டாம்" மட்டும் விழுது, "சட்டம் தடை பண்ணாத" விழ மாட்டேங்குது.

ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கறது மத்திய சட்டப்படி குற்றம். விதிவிலக்குகள்ல ஒண்ணு, செல்லுபடியாகுற வேட்டை லைசன்ஸ். நான் ரேஞ்சுக்குப் போறதே அந்த லைசன்ஸ் புண்ணியத்துலதான். டெக்சாஸ் வேட்டை லைசன்ஸ் ஆகஸ்ட் 31ஆம் தேதியோட முடியும். புதுப்பிக்க மறந்தா செப்டம்பர் 1 காலையில, அதே வீட்ல, அதே துப்பாக்கியோட, நீங்க குற்றவாளி. 2022ல வந்த சட்டத்துக்கு அப்புறம் அதிகபட்சம் 15 வருஷம். ஜெயிலுக்குப் போகலைன்னாலும் நாடு கடத்துறதுக்கு அதுவே போதும். பத்து வருஷ க்ரீன் கார்டு க்யூ, ஒரு பாக்கெட் சாமானுக்காகப் பணால். துப்பாக்கி வாங்குறதுக்கு முன்னாடி வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசைக் கொடுங்க. பக்கத்து மாநிலத்துக்குக் கார்ல கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஊர்ச் சட்டத்தையும் படிங்க, பரஸ் மாதிரி மாட்டிக்காதீங்க.

யாருக்குப் பயந்து வாங்குறோம்?

கடைசியா, கடையில யாரும் சொல்லாத கணக்கு. 2021ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர். அதுல 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல. கதவை உடைச்சுக்கிட்டு வர்றவனுக்குப் பயந்துதான் நாம வாங்குறோம். ஆனா அந்த எண்ணிக்கையில பெரும்பங்கு, கதவுக்கு உள்ளே இருந்தவங்க.

நம்ம கூட்டத்துக்கு இது தள்ளி நிக்கிற புள்ளிவிவரம்னு நினைக்காதீங்க. வேலை போச்சுன்னா 60 நாள் கடிகாரம் ஓடுற வாழ்க்கை நம்மது. அந்த அறுபது நாள்ல ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக் கிடந்தவங்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த மூணு மணிக்கு, ஹேங்கர்ல தொங்குற பேண்ட் பாக்கெட்ல தோட்டா நிரப்பின ஒண்ணு இருக்கணுமா? குட்டித் துப்பாக்கியோட தனி ஆபத்து இதுதான், அது எப்பவும் கையெட்டுற தூரத்துலயே கிடக்கும். பாக்கெட்ல இருந்து சோபாவுக்கு, சோபாவுல இருந்து மேசைக்கு. தவழ்ற குழந்தைக்கு எட்டாத உயரம்னு வீட்ல எதுவும் கிடையாது. டெக்சாஸ்ல 17 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டுற மாதிரி நிரப்பின துப்பாக்கியை அஜாக்கிரதையா விட்டு, அது பிள்ளை கைக்குப் போயிட்டா அதுவே குற்றம். சட்டம் தண்டிக்கிறதுக்கு முன்னாடி விதி தண்டிச்சிருக்கும்.

அதனால பாக்கெட்ல இருந்து எடுத்த நிமிஷம் அது பூட்டுப் பெட்டிக்குள்ள போகணும். பெட்டி வாங்கக் காசில்லைன்னா துப்பாக்கி வாங்கவும் காசில்லைன்னு அர்த்தம். மனசு சரியில்லாத காலத்துல பெட்டியோட சாவியை நண்பன்கிட்டக் கொடுத்து வைக்கிறதுல கேவலம் ஒண்ணும் இல்ல. என் சாவி யார்கிட்டப் போகணும்னு நான் முன்னாடியே பேசி வச்சிருக்கேன்.

கேஸ் ஸ்டேஷன் நண்பனுக்கு நான் சொன்னது: முதல்ல மூணு மாசம் என்கூட ரேஞ்சுக்கு வா, வாடகைத் துப்பாக்கியில சுடு, பெரியதுல பழகு. அதுக்கப்புறமும் பாக்கெட்தான் வேணும்னா நானே கடைக்கு வர்றேன். இதுவரைக்கும் ரெண்டு சனிக்கிழமை வந்திருக்கான். குட்டியைக் கையில எடுத்துச் சுட்டுட்டு, "என்னடா இது, இந்த உதை உதைக்குது!"ன்னான். இன்னும் பத்து சனிக்கிழமை பாக்கி இருக்கு.

உங்க கூட்டத்துலயும் இப்படி ஒரு மச்சி இருப்பான். "எது நல்லது?"ன்னு கேட்டு வந்தா மாடல் பேரைச் சொல்லி அனுப்பிடாதீங்க. "மெயின் எங்க?"ன்னு கேளுங்க.